வயசு என்று விட்ட வருஷம்

கண்டி நகரத்துக் கொழும்பு வீதிப் புடவைக்கடை ஒன்றில் வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்த அழகமுத்து, தலை நரைத்த பிறகுதான் அங்கிருந்து வெளியே வந்தார். ஓய்வு பெற்ற பின்னும் மஹியாவ வீட்டிலிருந்து மடிப்புக் கலையாத சேட்டோடுதான் தெருவில் இறங்குவார். உடுப்பில் ஒரு கறை பட்டால்கூட அன்றைக்கு அவருக்கு மனசு சரியிருக்காது.

எழுபதை நெருங்கியபோது வயிறு தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சில நாள் மலம் இறுகும், சில நாள் இளகும். இரத்தமும் பட்டது. மூலம் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு கருணைக்கிழங்கு சமைக்கச் சொன்னார். கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்ததும் மனைவி சீதா பயந்துபோனாள்.

"ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்களேன்."

"வயசாகுது சீதா. முன்ன மாதிரி செமிக்குமா? இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?"

வயசு என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் வயிறு கல்லாக உப்பி, வாந்தி எடுத்து மயங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெருங்குடலில் புற்று. அடைத்த பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றில் துளையிட்டு, மலம் சேர ஒரு பை ஒட்டினார்கள். நோய் ஈரலுக்கும் போயிருந்தது.

"நான் குடிச்சதில்ல, சிகரெட் தொட்டதில்ல. எனக்கு ஏன் டொக்டர்?"

டொக்டர் றமீஸா கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடலோட உள்தோல் தேய்ஞ்சு தேய்ஞ்சு புதுசா வளருது. வயசு கூடக் கூட அந்த வளர்ச்சியில பிழைகள் சேருது. அதனாலதான் வயசானவங்களுக்கு இது கூடுதலா வருது. நீங்க செஞ்ச குத்தம் ஒண்ணுமில்ல. ஆனா வயசுதானேன்னு விட்டுட்டீங்க." பிறகு, "கூடப்பிறந்தவங்க இருந்தா அவங்களும் கட்டாயம் பரிசோதிச்சுப் பார்க்கணும்" என்றார்.

ஒரேயொரு அக்கா, வடிவம்மா. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். போனில் சொன்னபோது அவள் பிடிகொடுக்கவில்லை. சீதா தடுத்தும் கேட்காமல் அழகமுத்து பஸ் ஏறினார். வளைவுகளில் பஸ் குலுங்கும்போதெல்லாம் சேட்டுக்கு மேலே பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாற்றம் வருகிறதோ என்று பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

"எனக்கு எதுக்குடா பரிசோதனை?" என்றாள் வடிவம்மா. "மூச்சு வாங்குது, வயிறு பொருமுது. கெழவிக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?"

அழகமுத்து எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சேட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சீதாவின் கண்ணில்கூடப் படவிடாத பையை அக்காவுக்குக் காட்டினார்.

வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வலிக்குதாடா?"

"வலி இல்லக்கா. வெக்கமா இருக்கு."

அடுத்த கிளினிக்குக்கு அவள் வந்தாள். பரிசோதனை முடிவு தெரிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனாள். அவர் அப்போது படுக்கையோடு படுக்கையாகிவிட்டிருந்தார்.

"ரெண்டு சின்னக் கட்டி இருந்திச்சாம். குடலுக்குள்ள கெமரா விட்டப்பவே வெட்டிட்டாங்க. விட்டிருந்தா புற்றா மாறியிருக்குமாம்."

"நல்லது" என்றார் அழகமுத்து. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கணமே நெஞ்சு எரிந்தது. தன்னைவிட மூத்தவள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவள். அவள் தப்பிவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வடிவம்மாவுக்குப் புரிந்தது. அவருடைய கால்களைப் பிடித்துவிட்டாள்.

அழகமுத்து திரும்பாமலே சொன்னார்: "திரும்ப வரச் சொன்ன நாளை விட்டுறாதக்கா."

அந்த வருஷ மழைக்காலம் ஓயுமுன் அவர் கண்ணை மூடிவிட்டார்.

சொன்ன நாளில் வடிவம்மா கிளினிக்குக்குப் போனாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று தாதி கேட்டாள்.

"தம்பிக்கு" என்றாள். "எனக்கு இளையவன்."