மாத்திரைக்கும் மன்மதனுக்கும் நடந்த வழக்கு

இலங்கையில், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர் பெரியண்ணன், வயது எழுபத்தொன்று. கிளினிக்கில் இதயத்துக்காகக் கொடுத்த, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால்தான் கால் உளைகிறது என்று தொழிலாளர் வீடுகளான லயம் முழுக்க வைதுகொண்டு திரிந்தார். டாக்டர் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தியும் உளைச்சல் போனபாடில்லை.

"வேற ஏதும் உடம்ப வருத்துறீங்களா?" என்று மறுபடி போனபோது டாக்டர் கேட்டார்.

"ரிட்டயர் ஆன மனுசன், நான் என்னங்க செய்யப்போறேன்?"

கூட வந்த மனைவி அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "காமன் கூத்துல இவருதாங்க மன்மதன். ஒரு மாசமா ஒத்திகைன்னு தினம் மூணு மணிநேரம் குதிக்கிறாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். "மாத்திரை நெஞ்சுக்கு நல்லது, விடாதீங்க. ஆட்டத்த விடுங்க."

"மாத்திரைய இன்னைக்கே போட்டுடுறேங்க," என்றார் பெரியண்ணன். "ஆட்டத்துக்கு மட்டும் ஒம்பது நாள் குடுங்க. கூத்தோட கடைசி ராத்திரி எப்படியும் சிவன் என்னை எரிச்சிருவாரு."