செத்த கௌதாரியின் சிறகு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில், சனிக்கிழமைதோறும் மாலை மூன்று முதல் ஐந்தரை வரை எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. தினமும் நாட்குறிப்பு எழுதுவதால் நடந்ததைத் தப்பில்லாமல் சொல்ல முடியும்.

ஆசிரியர் ஒரு பழைய ஐரோப்பிய ஓவியத்தின் அச்சுப்படத்தை ஆளுக்கொன்று கொடுத்து, அப்படியே பார்த்து வரையச் சொன்னார். மேசையில் திராட்சைக் கொத்து, பாதி தோல் உரித்த எலுமிச்சை. மேலே ஆணியில் ஒற்றைக் காலில் கட்டித் தொங்கவிட்ட செத்த கௌதாரி.

எனக்குப் பக்கத்தில் வரைந்தவர் முத்தியால்பேட்டையில் கோழிக்கடை வைத்திருக்கும் அம்மா. என் வயதுதான். சனிக்கிழமை பலர் கறி வாங்குவதில்லை என்பதால் மத்தியானமே கடையை மூடிவிட்டு வருவார். அவர்மேல் கோழி வாடை அடிப்பதாக எனக்குத் தோன்றியது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி கண்ணைக் கரிக்கும் அந்தக் கூடத்தில் அது எப்படித் தெரிந்ததோ! இரண்டாம் வாரம் சீக்கிரமே போய், "அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்க முடியுமா சார், வாடை தாங்கல" என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாவே உள்ளே வந்தார். "இங்க வெளிச்சம் பத்தல சார்" என்று சொல்லி, படம் வைக்கும் தன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அன்றைய நாட்குறிப்பில், 'இடப் பிரச்னை தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன்.

திராட்சையும் எலுமிச்சையும் எனக்கு வந்துவிட்டன. கட்டம் போட்டு, ஸ்கேலால் அளந்து, எந்த வண்ணத்தோடு எது எவ்வளவு என்று குறித்துவைத்து வரைந்தேன். கௌதாரிதான் வரவில்லை. நான்கு முறை சுரண்டி எடுத்தேன். ஐந்தாவது முறையும் அது பஞ்சு அடைத்த பொம்மையாகத்தான் இருந்தது. இனி வகுப்புக்கு வருவதில்லை என்று முடிவு செய்து, பிரஷ்களைக் கழுவத் தாழ்வாரத்துக் குழாயடிக்குப் போனேன்.

அங்கே கோழிக்கடை அம்மாவின் படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். திராட்சை சுமார். எலுமிச்சை, உருளைக்கிழங்கு போல இருந்தது. ஆனால் அந்தப் பறவைக்கு எடை இருந்தது. ஆணி தாங்குமா என்றுகூடத் தோன்றியது.

"உங்களுத உள்ள வரும்போது பார்த்தேன் மேடம். அது இன்னும் சாவல" என்றார். "அடுத்த வாரம் வாங்க. கையில குடுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை, துணியில் சுற்றி ஒரு காடை கொண்டுவந்தார். "காலையில கூண்டுல செத்துக் கெடந்துச்சு. செத்தத விக்க மாட்டேன். வெறச்சு இப்பதான் எளகியிருக்கு, புடிங்க."

சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, இறகோடு நான் தொட்டதில்லை. ஒரு காலைப் பிடித்துத் தொங்கவிட்டேன். சிறகு ஒன்று தானாக விரிந்து விழுந்தது.

"பார்த்தீங்களா? எடையெல்லாம் நெஞ்சுக்கு வந்துடும். கழுத்து சும்மா தொங்கும். நீங்க ரெக்கையை ஒடம்போட ஒட்டி வெச்சிருக்கீங்க. செத்தது எதையும் மூடி வெச்சுக்காது மேடம்."

"அன்னைக்கு உங்களைத் தள்ளி உக்கார வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். வாசல்ல செருப்பு கழட்டிட்டு இருந்தேன்." அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "எனக்கும் உங்க சென்ட்டு தலைவலிதான். மொதல்ல ரெக்கையைப் போடுங்க, இது ரொம்ப நேரம் தாங்காது."

என் ஸ்டாண்டைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தேன். ஐந்தரைக்குள் சிறகு வந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் சிறகைத்தான் பாராட்டுகிறார்கள். நான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட ஒருவர், அதற்குப் பிறகும் என் படம் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தாரே, அந்த மனசை எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்து வரைந்தால் எனக்கு வரும் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.