ஒரு கிட்னியைக் காணோம்

வயிற்று வலிக்கென்று இன்று திருச்சியில் ஸ்கேன் எடுக்கப் போனேன். டவுனுக்குப் புதிதாக வந்திருக்கிற மெஷின். வயிற்றில் பசையைத் தடவிய டாக்டரம்மா, இடது பக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"உங்களுக்கு ஒரு கிட்னிதாங்க இருக்கு. பொறவியிலேயே அப்படி."

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மண்ணச்சநல்லூர் மில்லில் மூட்டை தூக்குகிற உடம்பு இது!

"பொழைப்பேனாம்மா?"

"இத்தனை வருஷம் பொழைக்கலையா? அந்த ஒண்ணே நல்லா வேலை செய்யுது. வலி வெறும் வாய்வுதான்."

வெளியே காத்திருந்த வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"வழக்கமா குடையத்தான் தொலைப்பீங்க. இதையுமா?" என்று அழுதேவிட்டாள்.

அழுத கண்ணோடு என்னைச் சமயபுரத்துக்கு இழுத்துப் போனாள். அம்மனுக்குக் காணிக்கை போடக் கோயில் வாசல் கடையில் வெள்ளியில் கிட்னி கேட்டாள். கடைக்காரர் கண், கை, கால் என்று தட்டு முழுவதும் கிளறினார்.

"கிட்னி வர்றதில்லீங்கம்மா. வயிறு வாங்கிப் போடுங்க. உள்ள எத்தனை இருக்குன்னு ஆத்தாவுக்குத் தெரியும்."

போட்டுவிட்டு வந்தோம். இன்னும் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். உங்களுக்கு ரெண்டு இருக்கிறதென்று யார் பார்த்துச் சொன்னது?