பின்சீட்டுக்காரனுக்கு வராத போன்

எங்கள் மேன்ஸ்ஃபீல்டில் டோரீன் ஸ்டௌஃபரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் வலிக்காது, உள்ள போங்க" என்று ஊருக்கே பொய் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். அந்தக் குரலைக் கேட்டாலே பாதி வலி போய்விடும் என்பார்கள். மீதிப் பாதியை டாக்டர் வைத்திருப்பார், அது வேறு விஷயம்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் கிடையாது, ஊரில் பலருக்குத் தெரியவும் தெரியாது. 'காகிதப் பை' என்று ஓர் இணையதளம். பர்கர், ஃப்ரைஸ், சிக்கன் என்று வண்டியை விட்டு இறங்காமல் கடை ஜன்னலில் வாங்குகிற தீனிக்கெல்லாம் அதில் விமர்சனம் எழுதுவார்கள். நடத்துகிறவர் வெண்டல், டெலிபோன் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், பக்கத்து ஊர்க்காரர். தீனி விஷயத்தில் மகா கறார். வாங்கினதை வண்டியிலேயே, கடை வாசலிலேயே, சூடு இருக்கும்போதே தின்றுவிட்டு எழுத வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்துத் தின்றவன் எழுதினால் படிக்காமலே தள்ளிவிடுவார். "தட்டுல வெச்சா அது விருந்து. நமக்கெதுக்கு விருந்து?" என்பார். சிரிக்க வேண்டாம், இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக எழுத வருகிறவர்களை வரவேற்பது டோரீன் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். இவள் பெயர் 'ஜன்னல்'. வருகிறவர் மூன்று விமர்சனம் எழுதிக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஜன்னல் இரண்டு வரி எழுதுவாள், "ஃப்ரைஸ் சாகறதுக்குள்ள தின்னுடு" என்று முடிப்பாள். ஃப்ரைஸ் ஆறித் துவண்டுபோவதற்கு அவள் அகராதியில் சாவு என்று பெயர். ஆள் தேறினால் போன் செய்வாள். கடைக்காரர்களே ஆள் வைத்துத் தங்களைப் புகழ்ந்து எழுதிக்கொள்கிற காலம், குரலைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்பது வெண்டலின் எண்ணம். நாலு வார்த்தை பேசிவிட்டுக் கடைசியில், "பைக்குள்ள கைய விடு, நீயும் நம்ம ஆளு" என்பாள். அதற்குப் பிறகுதான் பெயர் தளத்தின் முகப்பில் ஏறும். லாரி ஓட்டுகிறவர்கள், ராத்திரி டியூட்டி நர்சுகள், பெண்டாட்டியைப் பறிகொடுத்த கிழவர்கள் என்று வண்டியில் தனியாக உட்கார்ந்து தின்கிற ஜனங்கள்தான் அதிகம் வருவார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டு அழுதவர்களும் உண்டு.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டது மகன் வீட்டை விட்டுப் போன பிறகு. வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது, யாரோடாவது பேச வேண்டியிருந்தது.

கர்டிஸ் அவளுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஏதாவது ஒரு ஜன்னலில் ஒரு பை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். "ஃப்ரைஸ் சாகறதுக்குள்ள தின்னுடா" என்று முன்னாலிருந்து சத்தம் போடுவாள். அவன் பையைக் குடைந்து, இருக்கிறதிலேயே நீளமான ஒன்றைத் தேடி எடுத்து, கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, அவள் தோளைத் தட்டி நீட்டுவான். ரோட்டைப் பார்த்தபடியே இவள் வாயைத் திறப்பாள். அவ்வளவுதான். இதை ஒரு விஷயமாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வளர்ந்த பிறகு அப்பா லாய்டின் டயர் கடையில் வேலை பார்த்தான். பிடிக்கவில்லை. நவம்பரில் குடும்பமே கூடிச் சாப்பிடுகிற நன்றி நாள் விருந்து ஒன்றின்போது, வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம், நெடுஞ்சாலையில் கோடு போடுகிற கோஷ்டியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். லாய்ட் கத்தியைக் கீழே வைத்தார்.

"சொந்தக் கடையிலேயே உருப்படாதவன் ரோட்டுல போய் என்ன கிழிக்கப்போற? எதையாவது ஒழுங்கா முடிச்சிருக்கியா நீ?"

கர்டிஸ் அம்மா பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா. நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு நீயும் நினைக்கிறியா?"

டோரீன், "குழம்பு ஆறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் எதைச் சொன்னாலும் சண்டை பெரிதாகும் என்று பயம். ஊருக்கெல்லாம் இதமாகப் பேசுகிற வாய்க்கு அன்றைக்கென்று பூட்டு. குழம்பைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது, கொக்கியில் கோட்டும் இல்லை. பிறகு போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. லாய்ட் அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு மத்தியானம், பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தத்துக்கு நடுவில், டோரீன் ஒரு புது ஆளின் முதல் விமர்சனத்தைத் திறந்தாள். பெயர் 'பின்சீட்டுக்காரன்'. கென்டக்கியில் ஏதோ சாலையோரக் கடை. பர்கர் நடுவில் கொதிக்கிறது, ஓரத்தில் ஜில்லென்று இருக்கிறது, ரொட்டி பரவாயில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "ஃப்ரைஸ் சுமார். நீளமான ஒன்றைக் கடைசிக்கு எடுத்து வைத்தேன். முன்சீட்டில் ஆளில்லை, நானே தின்றேன்."

அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். வெளியே வந்த டாக்டர், "என்ன டோரீன், உனக்கும் பல்வலியா?" என்று கேட்டார்.

பிள்ளை உயிரோடு இருக்கிறான், வேளைக்குத் தின்கிறான். அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. விமர்சனத்தோடு போன் நம்பரும் கொடுத்திருந்தான், எல்லோரும் கொடுப்பதுபோல. அதை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாளோ. ஆனால் ஜன்னல் என்பது அம்மாதான் என்று அவனுக்குத் தெரியாதே என்று நினைத்தாள். "ஹலோ" என்றதும் குரல் பிடிபட்டுவிடும், பட்டென்று வைத்துவிடுவான், இந்தப் பெயரும் மறைந்துபோகும். போன் போகாதவரை அவன் எழுதிக்கொண்டிருப்பான். எழுதும்வரை அவன் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். பாவி மகள் இப்படித்தான் கணக்குப் போட்டாள்.

அவன் மூன்றையும் எழுதி முடித்தான். அங்கே வருஷக்கணக்காக எழுதுகிறவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தான். இவள், "விவரம் போதாது, இன்னும் ஒண்ணு எழுதிக் காட்டு" என்று கீழே போட்டாள். எழுதினான். இன்னும் ஒன்று கேட்டாள். அதையும் எழுதினான். டென்னசியில் வேலை நடக்கிறது, பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறான், இருமல் விடமாட்டேன் என்கிறது. பர்கருக்கு இடையில் ஒளிந்திருக்கும் இந்தச் செய்திகளை அவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டாள். இருமல் என்று படித்ததும், "அடுத்தது சூப் விக்கிற கடையாப் பார்த்து எழுது" என்று கட்டளை போட்டாள். அவனும், "சூப் குடிக்கச் சொன்னீர்கள், குடித்தேன், இருமல் தேவலை" என்று எழுதினான். ஒவ்வொன்றிலும் தவறாமல் அந்த நீள ஃப்ரைஸ் வந்தது. பிள்ளை பழசை மறக்கவில்லை என்று இவள் தனியாக உட்கார்ந்து பூரித்துப்போனாள்.

வெண்டலுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அந்தப் பையனை இன்னும் எத்தனை தண்டால் எடுக்கவைக்கப்போற? நல்லாத்தானே எழுதறான்" என்று போனில் கேட்டார்.

"இன்னும் தேறல வெண்டல். இருக்கட்டும்."

"உனக்கு வயசாக ஆக நாக்கு நீளுதா, மனசு சுருங்குதான்னு தெரியல."

கோடை முடிகிற சமயத்தில் ஒன்று வந்தது. சின்ன விமர்சனம். கடைசி வரி: "நீளமானது ஒன்று இருந்தது. முதலிலேயே தின்றுவிட்டேன்." இந்தத் தடவை எடுத்து வைக்கவில்லை என்பதை டோரீன் கவனித்தாள். ஆனாலும் பழக்க தோஷம், "இன்னும் ஒண்ணு" என்றுதான் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து வெண்டல் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதே, உன் வேலையில நான் கைய வெச்சுட்டேன். அந்தப் பின்சீட்டுப் பையன் எனக்கே போன் பண்ணிட்டான். ஜன்னல் எனக்கு எப்போ பேசுவாங்கன்னு கேட்டான். நீ இன்னும் தேறலைன்னு சொல்றாளேப்பான்னேன்."

"அப்படியேவா சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தானே சொன்னேன்? 'அவங்க வாயாலயே சொன்னாங்களா'ன்னு கேட்டான். 'ஆமாம்ப்பா, நீ எழுதறதை ஒரு எழுத்து விடாம படிக்கிறா, படிச்சிட்டுத்தான் சொல்றா'ன்னேன். எனக்கு மனசு கேக்கல. சரி, நான் வரவேற்கிறேன், பைக்குள்ள கைய விடுன்னு ஆரம்பிச்சேன். 'வேணாம் சார், அது அவங்க சொல்ல வேண்டியது'ன்னுட்டான். அவன் பேரை எடுத்துடச் சொன்னான், எடுத்துட்டேன். என்னம்மா, லைன்ல இருக்கியா?"

டோரீன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். லாய்ட் கடையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். பர்கருக்கு மார்க் போடுகிற பேராசிரியை என்று வாயைத் திறந்தால் அவளைக் கேலி செய்கிற மனுஷன். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை குழாயை மூடாமல் நின்றார்.

"அந்த நீள ஃப்ரைஸ் சங்கதி எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். "உன்னைத் தவிர உலகத்துல யாருக்கு அது புரியும்? யாருக்கு எழுதறான்னு நினைச்ச?"

அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஃப்ரைஸ் சாகறதுக்குள்ள தின்னுடுன்னு உன்னை விட்டா வேற எவ எழுதுவா? அதைப் படிச்சிட்டுத்தான் நீ அங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சு வந்திருக்கான். நான் துரத்தினவன் உன்கிட்ட வந்து நின்னிருக்கான், டோரீன்." லாய்ட் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "அவன் பேரைச் சொல்லக்கூட எனக்கு யோக்யதை இல்ல. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

திட்டுவதற்காக அவர் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். அதனாலேயே அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டு இரண்டு தடவை வந்தான் பிள்ளை. இரண்டு தடவையும் அவள் வாய் திறக்கவில்லை.

மனப்பாடமாகிப்போயிருந்த அந்த நம்பருக்கு அப்போதே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பதிவு செய்த குரல் வந்தது: "கர்டிஸ் பேசறேன், விஷயத்தைச் சொல்லுங்க." குரல் கட்டையாகி அப்பா குரல்போலவே ஆகியிருந்தது.

"கர்டிஸ், அம்மாடா. நீ தேறிட்ட. முதல் தடவையே தேறிட்டடா. நான்தான் பயந்தாங்கொள்ளி." மூச்சு வாங்கியது. "பைக்குள்ள கைய விடுப்பா. நீயும் நம்ம ஆளு."

பதில் இல்லை. மறுநாளும் பேசினாள், அதற்கடுத்த நாளும். பனி விழ ஆரம்பித்த சமயத்தில் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது.

இப்போது காகிதப் பையில் மூன்று விமர்சனம் என்கிற வழக்கமே கிடையாது. முதலாவது வந்த உடனே ஜன்னல் போன் செய்துவிடுகிறாள். எழுதத் தெரியாதவன், தட்டில் வைத்துத் தின்றவன், யாராக இருந்தாலும் சரி. "கடைக்காரன் வெச்ச ஆளுங்கல்லாம் உள்ள பூந்துட்டாங்க, நீ என் பொழப்பைக் கெடுக்கற" என்று வெண்டல் புலம்புகிறார். "வரட்டும், எல்லாரும் வரட்டும்" என்கிறாள். ஒவ்வொரு புதுப் பெயரையும் திறப்பதற்கு முன் ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாய்டும் கூட வருகிறார். கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் ஒரே பையில் கைவிட்டுத் தின்கிறார்கள். ஒருநாள் அவர் நீளமான ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "அதை உள்ளயே போடு" என்றாள். சாகிறதற்குள் தின்னச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அந்த ஒன்றை மட்டும் பையிலேயே விட்டு, பையின் வாயை மடித்துப் பின்சீட்டில் வைத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.