பளபளப்பான மூக்குப்பேணி

நேற்று கொழும்புக் கடையொன்றில் சவர்க்காரப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன். 'பளபளப்பான பாத்திரங்கள்!' என்று எழுதியிருந்தது. பெட்டியை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லைக் கண்டாலே என் நாக்கில் பித்தளையின் பச்சைக் களிம்பு ஊறும்.

ஒரு காலத்தில் அதுதான் என் செல்லச் சொல். எங்கள் தீவில், நாரந்தனைக் கிராமத்தில் ஆண்டு ஐந்து படிக்கையில், பெயருக்கு முன்னால் ஓர் அடை போட்டால் வசனம் அழகாகும் என்று ரீச்சர் சொன்னார். "பளபளப்பான எண்டால் வெளிச்சம் பட்டு மினுங்கிறது, பிள்ளையள்." அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. பளபளப்பான பப்பாப்பழம், பளபளப்பான காகம். மூக்குச்சளியையும் நான் விடவில்லை. அதற்கு மட்டும் ரீச்சர் சிவப்பால் வெட்டினார்.

மூக்கு என்றதும் மூக்குப்பேணி. வாய் படாமல் அண்ணாந்து குடிக்க, பக்கத்தில் மூக்கு வைத்த பித்தளைக் குவளை. எங்கள் வீட்டில் ஆறு இருந்தன. விருந்தாள் வந்தால்தான் அலுமாரியை விட்டு இறங்கும். பக்கத்து ஊரான சுருவிலில் இருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அவற்றை மினுக்கும் வேலையை நானே பறித்துக்கொண்டேன். அக்கா அந்த மாப்பிள்ளையை நயினாதீவுத் திருவிழாவில் கண்டவள். வேறு ஆள் வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன்.

"மூக்குக்குள்ளயும் ஈர்க்கு விட்டுக் கழுவினனியோ?" குசினிக்குள், அடுப்படியில் இருந்து அக்கா கேட்டாள்.

"ஓம் அக்கா! இஞ்ச பாருங்கோ, என்ரை பல்லே தெரியுது."

பொய். கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தேய்த்து யாருக்குக் காட்ட?

மாப்பிள்ளையின் தாய் மோர்ப் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மினுக்கம்." அண்ணாந்தார். மோர் வரவில்லை. இன்னும் சரித்தார். பொளக்கென்று விழுந்தது: எப்போதோ காய்ந்த மோர்க்கட்டி, அதில் ஊறிய களிம்பு, கூடவே ஒரு கரப்பொத்தான் பூச்சியின் கால்.

"த்தூ! என்ன கோதாரி இது?" சேலையெல்லாம் பச்சைத் துப்பல். "ஆர் இதைக் கழுவினது?"

நான் அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்கா முன்னே வந்தாள்.

"நான்தான், மாமி."

"மினுக்கத் தெரிஞ்ச அளவுக்குக் கழுவத் தெரியேல்லையே, பிள்ளை!"

அவர்கள் பிறகு வரவேயில்லை. அக்கா என்னை ஏசவுமில்லை. ஏசியிருக்கலாம்.

சண்டை மூண்டு ஊரே தீவை விட்டு வெளியேறியபோது ஆறு பேணிகளையும் சாக்கில் கட்டிக் கிணற்றில் இறக்கினோம். இப்போது வீடு இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டதாம். அக்கா வேறொருவரைக் கட்டிக் கனடா போய்விட்டாள். அம்மாவும் கண்ணை மூடிவிட்டார். சாகும்வரை வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னார்: "மூத்தவளுக்கு ஒரு பேணி கழுவத் தெரியாமல் போச்சு."

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.