ஈரமான கட்டு

இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர் என்பதால் வேலையிடத்தில் அவருக்குக் கொக்கி என்றே பெயர். பத்து டன் இரும்பையும் முட்டையை வைப்பதுபோலத் தரையில் இறக்குவார். அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மிஷினோடு இணைக்கக் கையில் அறுவை செய்து சேர்த்த ரத்தக் குழாய் இன்னும் தேறாததால், கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் பொருத்தியிருந்தார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்குப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. மேலே இரண்டு கம்பளி போட்டும் கட்டிலே ஆடியது.

"அண்ணே, கட்டு எங்கேயாவது நனைஞ்சுதா?" என்று கேட்டார் நர்ஸ்.

"இல்லம்மா."

நர்ஸ் கட்டைப் பிரித்தார். குழாய் நுழையும் இடம் சிவந்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. "இது நாங்க ஒட்டுன பிளாஸ்திரி இல்லையே."

கால்மாட்டில் நின்ற மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை... தலை அரிப்பு தாங்கல. நீ வேலைக்குப் போயிருந்தே. ரெண்டு சொம்புதான் ஊத்தினேன். அப்புறம் கடையில பிளாஸ்திரி வாங்கி நானே ஒட்டிக்கிட்டேன்."

மனைவி நழுவிய கம்பளியை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

டாக்டர் வந்தார். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது.

"குழாயை எடுத்தாகணும். அது உள்ள இருக்கற வரைக்கும் மருந்து முழுசா வேலை செய்யாது," என்றார் டாக்டர்.

"எடுத்துட்டா மிஷினுக்கு என்ன பண்றது?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டு நாள் தள்ளணும். தண்ணி அளவாத்தான்."

குழாயை எடுத்தபின் அந்த இரண்டு நாளும் மனைவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றுவாள், மூச்சை எண்ணுவாள். இரண்டாம் நாள் மதியம் ரத்த அழுத்தம் சரிந்து, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாலையில் அவர் கண் திறந்தபோதுதான் அவள் அதைப் பற்றி வாய் திறந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பவே கட்டை மாத்தியிருப்பாங்க. நான் திட்டுவேன்னு பயந்து உசிரை விடப் பார்த்தீங்களா?"

"நீ ஆரம்பிச்சா ஒரு வாரம் ஓடுமே," என்றார், ஈனக் குரலில்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தொடையில் தற்காலிகக் குழாய் போட்டு மிஷினை ஓட்டினார்கள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்து, கிருமி அங்கே போகவில்லை என்றார்கள். ஆனாலும் வாரக்கணக்கில் ஊசி நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் கையிலிருந்த ரத்தக் குழாய் தேறி, மிஷினை அதிலேயே ஓட்டினார்கள்.

இப்போது டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர் வேலைக்குப் போகிறார். கிரேன் மேலே வேறொருவர். இவர் கீழே நின்று சைகை காட்டுகிறார்.