கொழும்பில் புரட்டாசி இல்லை

காலையில் காப்பி குடிப்பதற்கு முன் வசந்தாமணி ஒரு முட்டையைத் தட்டில் உடைத்துப் பார்க்கிறாள். பொரிப்பதற்கு அல்ல. கப்பலேறும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு பெட்டியை அவள் வீட்டிலேயே நிறுத்திக்கொள்வாள். போனதும் இருப்பதும் ஒரே நாளில் இட்ட முட்டைகள். தட்டில் மஞ்சள் கரு குன்றுபோல் நின்றால் கடலில் இருப்பதும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக் கரு தண்ணீராய் ஓடினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல பேச்சு கிடையாது. அந்தப் பெட்டிக்கு இடம் கொடுத்துவிட்டு பிரிட்ஜிலிருந்து வெளியேறிய தக்காளியும் கீரையும் சமையல் மேடையில் வாடிக் கிடக்கும்.

"தக்காளி அழுகுனாச் சந்தையில வாங்கிக்கலாமுங்க. கைலாசம் போனா எந்தச் சந்தையில வாங்கறது?" என்பாள்.

கைலாசம் கொழும்பில் முட்டை மொத்த வியாபாரி. வசந்தாமணி அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் கட்டிய கணவரைவிட அதிகமாக அவரோடுதான் பேசுகிறாள்.

நாமக்கல் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்குப் புரட்டாசி ஒரு நோய் மாதிரி. ஊரே பெருமாளுக்கு விரதம் இருக்க, முட்டை விலை படுத்துவிடும். "சனம் விரதமிருக்குது. கோழி விரதமிருக்குதுங்களா? அது பாட்டுக்கு இட்டுக்கிட்டேதான இருக்குது" என்ற எரிச்சலில்தான் அவள் ஏற்றுமதிக்கே வந்தாள். "கொழும்புல புரட்டாசி கெடையாதுங்க" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். "எங்கட வீட்டிலயும் புரட்டாசிச் சனி விரதம் பிடிக்கிறனாங்கள் அக்கா" என்று கைலாசம் ஒருமுறை திருத்தப் பார்த்தார். "உங்க ஊட்டை உடுங்க, ஊர்ல மிச்சப் பேரு திங்கறாங்கல்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

ஆனால் அக்கரை வியாபாரத்துக்கு வேறு விரதங்கள் உண்டு. பண்டிகை நெருங்கினால் கேக்குக்கு முட்டை கேட்டு போன் ஓயாது. அந்த ஊர்ப் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட்டாலோ, இறக்குமதியே நிற்கப்போகிறது என்று மறுநாளே பேச்சு கிளம்பும். இங்கே எங்கோ ஒரு மூலையில் கோழிக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், உடனே கைலாசத்துக்குப் போனைப் போட்டுவிடுவாள். "அங்க மழை பேஞ்சா எனக்கு இங்க சளி புடிக்குதுங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கைலாசத்தை நம்பி உள்ளூர் வியாபாரியை விட்டாயிற்று. அந்த வியாபாரியும் வேறு பண்ணை பார்த்துக்கொண்டார். கொழும்பு கைவிட்டால் திரும்பிப் போக ஒரு வாசல் கிடையாது.

இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொழில் செய்கிறவளுக்கு வாய்த்த கணவர் சின்னண்ணன். நல்ல மனிதர். தொல்லையே அதுதான். லாரியில் சரக்கு ஏற்றி முடித்ததும், வழியில் உடைவதற்கு ஈடாகச் சில அட்டை முட்டையைக் கணக்கில் சேர்க்காமல் ஏற்றிவிடுவது அவர் வீட்டு வழக்கம். கேட்கும் முன்பே கொடுக்க வேண்டும், கொடுத்ததைச் சொல்லவும் கூடாது.

போன மாதம் கைலாசம் குரல் இறங்கிப் பேசினார். "அக்கா, நீங்கள் எழுதின கணக்குக்கு மேல சாமான் கிடக்காம். கஸ்டம்ஸில கன்டெய்னரைப் பிடிச்சு வச்சிட்டாங்கள். முழுக்க இறக்கி எண்ண வேணுமாம்."

வசந்தாமணி போனை வைத்துவிட்டு நேராகத் தீவனக் கிடங்குக்குப் போனாள்.

"ஏனுங்க, கன்டெய்னருக்குள்ள என்னத்தைங்க வெச்சீங்க?"

"நானென்னத்தைப் புள்ள வெச்சேன்."

"நெசத்தைச் சொல்லுங்க."

"ஒடசலுக்குன்னு கதவோரத்துல நாலு அட்டை வெச்சேன். கடல்ல ஆடுமல்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?"

"சொல்லிட்டு வெச்சா அதுக்குப் பேரு குடுக்கறதா?"

"கொறைச்சு வெச்சு மாட்டுனவங்களைப் பாத்திருக்கறேன். சேத்தி வெச்சு மாட்டுனது நீங்க ஒருத்தருதானுங்க. அங்க நம்மளைக் கடத்தல்காரங்கன்னு நெனைக்கறாங்க."

"நாலு அட்டையைக் கடத்தி நான் அரமனையா கட்டப் போறேன்?" என்றார் சின்னண்ணன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

அன்று அவள் அழவில்லை. தட்டில் ஒரு முட்டையை உடைத்தாள். சற்று நேரம் கழித்து இன்னொன்றை உடைத்தாள். கரு நின்றது. ஆனால் அங்கே கதவைத் திறந்து திறந்து மூடுகிறார்களே, அந்த வெக்கையில் நிற்குமா என்று எந்தத் தட்டும் சொல்லவில்லை.

கடைசியில் சரக்கை விட்டார்கள். கூடுதலாக இருந்ததைக் கைலாசத்தின் கண்ணெதிரே உடைத்துக் கொட்டினார்கள். "அருமையான முட்டை அக்கா, பாக்க ஏலாமல் போச்சு" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "அடுத்த லோடு அனுப்புங்கோ. ஆனால் அண்ணை ஏத்துற பக்கம் வரக் கூடாது. இன்னொருக்கா இப்பிடி நடந்தால் என்ர லைசன்ஸே போயிரும்."

முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வாள்? "வெயிலா இருக்குது, நீங்க உள்ளாற உக்காருங்க" என்றாள். அடுத்த சரக்கு ஏறிய நாளில், அவர் கிடங்கு வாசலில் நாற்காலியைப் போட்டு, கன்டெய்னருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பெட்டிகள் எண்ணி ஏறின. எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவுமில்லை. கதவு மூடி சீல் வைத்தாயிற்று. டிரைவர் வீரன், "போயிட்டு வாரனுங்கக்கா" என்று வண்டியைக் கிளப்பினான்.

"இரு சாமி" என்றாள் வசந்தாமணி.

கிடங்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். முதுகு திரும்பவில்லை. கொட்டகைக்குள் விறுவிறுவென்று போய் ஒரு அட்டை முட்டையைத் தூக்கி வந்து, ஜன்னல் வழியாக வீரனின் மடியில் வைத்தாள். அவன் எதுக்கு என்று கேட்க வாயெடுப்பதற்குள், உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, வண்டியின் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.